மாறிப்போன சீட்டு

ஏனுங் அம்மிணி, அந்தச் சேருக்கு ஆளு வருதா? வரலீன்னா பைய அக்கட்டால நவுத்துங்க, நா உக்காந்துக்கறன். இருங்க, மொதல்ல மூச்சு வாங்கிக்கறன். லிப்டுகிட்ட ஒரே கூட்டம். ஒரு மாடிதானேன்னு படியேறி வந்துட்டன். ஒரு மாடிக்கே நெஞ்ச அடைக்குது பாருங்க. படிய அத்தன ஒசரமாக் கட்டி வெச்சிருக்கறாங்க.

இல்லீங்க, சீக்கு எனக்கில்ல. அதா, சீட்டுப் போடற எடத்துல வரிசையில நிக்கறாரு பாருங்க, வெள்ளச் சட்டை, ஒல்லியா, தோள்ல துண்டு போட்டுட்டு. அவருதான் என்ற ஊட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு. கோபிக்குப் பக்கத்துல மூணு ஏக்கரா மஞ்சக்காடு, வாய்க்காப் பாசனம். அவரக் காட்டத்தான் கூட்டிட்டு வந்திருக்கறன். அவரு என்னடான்னா, ‘நீ போய் உக்காரு, நா சீட்டுப் போட்டுட்டு வர்றன்’னு என்னைய இங்க தாட்டி உட்டுட்டாரு. நோயாளியே வரிசையில நிக்கற கூத்த எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா? சொன்னாக் கேக்கற சாதி இல்லீங்க அவரு.

ரெண்டரை வருசத்துக்கு முன்னால இதே ஆசுபத்திரிக்குத்தான் கொண்டாந்தம். மாசி மாசம். காட்டுல மஞ்ச வேக வெச்சுட்டிருந்தம். நெஞ்சப் புடிச்சுட்டு வரப்புல உக்காந்தவருதான். சட்டையப் புழிஞ்சா ஒரு சொம்பு வேர்வை வரும். கார் புடிச்சு இங்க வந்து சேர்றதுக்குள்ள நா செத்துச் செத்துப் பொழச்சன். ரத்தக் கொழாயில அடைப்புன்னாங்க. உள்ள கம்பி வெச்சாங்க. அந்தா அந்தக் கதவுக்கு வெளிய தரையில உக்காந்துட்டு எங்க கருப்பணசாமிகிட்ட வேண்டிக்கிட்டன். அப்பா, இந்த மனுசன உசுரோட குடுத்துரு, வருசம் ஒரு கெடா வெட்டறன்னு. குடுத்துட்டாருங்க. சாமி குடுத்துட்டாரு, இவரத்தான் வெச்சுக் காப்பாத்த முடியல.

ஊட்டுக்கு அனுப்பறப்ப டாக்டரு என்னையத்தான் உக்கார வெச்சுச் சொன்னாரு. பீடி ஆகாது. எண்ணெ கொறைக்கோணும், உப்பு கொறைக்கோணும். ஆட்டுக்கறிய மறந்துரோணும். கீரை, காயி, பயறு எச்சாச் சேத்துக்கோணும். தெனமும் முக்கா மணி நேரம் கை வீசி நடக்கோணும். மாத்திரைய ஒரு நாளும் நிறுத்தப்படாது. இதெல்லாம் ஊட்டுல இருக்கற எல்லாத்துக்குமே நல்லதும்மான்னும் ஒரு வார்த்தை சொன்னாரு. அது வர்றவங்க எல்லாத்துகிட்டயும் சொல்றதுதானுங்களே.

அன்னையிலிருந்து நா பட்ட பாடு இருக்குதே. பீடிய மோட்டார் ரூம்பு ஓட்டுல சொருகி வெச்சிருந்தாரு. கட்டோட எடுத்து வாய்க்கால்ல எறிஞ்சன். நாலு நாளு என்ற மூஞ்சியப் பாக்கல. பாக்காட்டிப் போகட்டும். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ரவைக்குக் கம்மஞ்சோறு, இல்லீன்னா ரெண்டு இட்லி. பொரியலுக்கு எண்ணெயே ஊத்தாம ஆவியில வேக வெச்சுத் தேங்காக்கூட இல்லாமப் போட்டன். ‘மாட்டுக்கு வெக்கறது இத விட ருசியா இருக்கும்’பாரு. மாட்டுக்கு நெஞ்சு அடைக்கறதில்லீங்க, அதுக்கு வெக்கறன், உங்களுக்கு வெக்க மாட்டன்னுட்டன்.

நடக்கறதுதான் பெரிய கோட்டாலை. வெடியால அஞ்சரைக்கு எழுப்பி வாய்க்கா மேட்டுல தாட்டி உட்டன்னா, பாலம் வரைக்கும் நடந்து போவாரு. அந்தப் பாலத்துல ஒரு டீக்கடை. நடக்கப் போற ஆளுக அத்தன பேரும் அங்கதான் பஜ்ஜியும் டீயுமா உக்காந்துட்டு உடம்ப எப்பிடிப் பாத்துக்கறதுன்னு பழமை பேசறது. நாலு நாளுல எனக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த நாளிலிருந்து நா மொபட்ட எடுத்துட்டு முன்னாலயே போய் அந்தக் கடை பெஞ்சுல உக்காந்துக்கறது. என்னையத் தாண்டி ஒரு பஜ்ஜி அவரு வாய்க்குள்ள போயிருமா? திரும்பி நடங்கன்னு வெரட்டி உட்ருவன். ரெண்டு வருசமா மழையானாலும் பனியானாலும் அவருக்கு முன்னால நா அங்க ஆஜர். கடைக்காரம் பொழைக்கறவன், சும்மா அவம் பெஞ்சுல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி வாங்கிக்கறது. எனக்கென்னங்க, மடியில கனமில்ல.

ஊட்டுலயும் அதே கதைதான். அவருக்குத் தனியா ஆக்குனா எனக்குன்னு பழைய மாதிரியே ஒரு போசி கொழம்பு வெக்கறது. நானும் அந்த அவிச்சதையே திங்கோணும்னு ஏதாச்சும் இருக்குதுங்களா? சீக்கு வந்தது அவருக்கு. எங்கூருச் செக்குல மாசம் அஞ்சு லிட்டரு கடலெண்ணெ வாங்கறன். அவருக்கு ஒரு கரண்டி ஆகறதில்ல. ஆனா மாசக் கடைசியில டின்னு காலியாயிருது. எங்க போகுதுன்னே தெரியல. செக்குக்காரந்தான் அளவுல ஏமாத்தறான் போல.

சித்திரையில கெடா வெட்டு. வேண்டுதல் குடுத்தவங்களுக்குத் தொடையும் தலையும் பங்கு வரும். அவரு தொடப்படாது. சாமி பங்க வேண்டாங்கலாமா? அடுத்த ஊட்டுக்குத்தான் குடுக்கலாமா? அவரு பங்கையும் சேத்து நாந்தா திங்கோணும். மிச்சத்த உப்பும் மஞ்சளும் தடவிக் கவுத்துல கோத்துக் காய வெச்சு, உப்புக்கண்டம் போட்டு வெச்சுக்கறது. தெனமும் நாலு துண்டு எண்ணெயில பொரிச்சா எனக்குப் பழைய சோத்துக்கு ஆச்சு. அவரு உசுருக்கு வேண்டுன வேண்டுதல், பொண்டாட்டி நாந்தான அத முடிக்கோணும்.

என்ன அம்மிணி அப்பிடிப் பாக்கறீங்க? தாடையத் தேய்க்கறனேன்னா? அது பல்லு வலிங்க. புல்லுக்கட்டு தூக்கறப்ப, படியேறறப்ப, இங்கிருந்து காது வரைக்கும் சுருக்கு சுருக்குங்கும். போன மாசம் கடவாப் பல்லப் புடுங்கியாச்சு. பல்லு டாக்டரு ஒழுங்காப் புடுங்கல போல, இன்னும் வலிக்குது. நின்னா சரியாயிருது. விடுங்க, அத எதுக்குப் பேசிட்டு.

நா சொல்ல வந்தது வேற. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி, தை மாசம் எங்கூருக் கல்யாண மண்டபத்துல இருதய முகாம்னு போட்டாங்க. இவருக்கு ரெண்டு வருசம் ஆகுதே, பாத்துக்கலாம்னு கூட்டிட்டுப் போனன். அங்க ஒரு சின்னப் புள்ள, காலேசுல படிக்கறதாட்டம், ‘அம்மா, நீங்களும் எடுத்துக்குங்க, சும்மாதான’ன்னா. சரின்னு படுத்தன். ரத்தம் எடுத்தாங்க, கையில பட்டை சுத்துனாங்க, நெஞ்சுல என்னமோ ஒட்டிப் படம் எடுத்தாங்க. ரெண்டு பேருத்துக்கும் அடுத்தடுத்த கட்டிலு. அந்தப் புள்ள பாதி நேரம் போன்ல பேசிட்டே எழுதுது. அப்பவே எனக்கு மனசுல ஒரு இதுதான்.

பொழுதோட ரெண்டு சீட்டுக் குடுத்தாங்க. ஒரு சீட்டுல பிரசரு நூத்தியெழுவத்தாறு. கொழுப்பு எரநூத்தி அறுவத்தெட்டு. படத்துல செவப்பு மையில வட்டம் போட்டு, ‘உடனே பெரிய ஆசுபத்திரியில காட்டவும்’னு எழுதியிருக்குது. இன்னொரு சீட்டுல எல்லாம் சுத்தமா இருக்குது. சுத்தமா இருக்கற சீட்டுல சென்னியப்பன். வட்டம் போட்ட சீட்டுல நாச்சம்மாள். நாச்சம்மாளுங்கறது நாந்தானுங்க.

நீங்களே சொல்லுங்க. நெஞ்சுல கம்பி வெச்ச ஆளுக்கு ஒண்ணுமில்லியாம். அம்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு தலைவலி மாத்திரை போடாத எனக்கு வட்டமாம். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும், சீட்டு மாறிப்போச்சுன்னு. அங்கயே போய்க் கேட்டன். ‘மாறாதும்மா, நெம்பரு போட்டுத்தான் எடுக்கறம்’னா அந்தப் புள்ள. போன்ல பேசிட்டு எடுத்தவளுக்கு நெம்பரு தெரியுமா?

இவரு அந்தச் சீட்ட வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. ‘நாச்சா, உன்ற பேருதான போட்டிருக்குது’ன்னாரு. பேரத்தா மாத்திப் போட்டுட்டாங்கங்கறன்ல, இது உங்க நெஞ்சுங்கன்னன். அப்ப ரெண்டு பேரும் இன்னொருக்காப் போய் எடுத்துப் பாத்தரலாம்னாரு. எனக்கு எதுக்கு? ரெண்டு மாட்டுக்கு ஆரு பாலு கறக்கறது, சாணி ஆரு வழிக்கறது? நீங்க வேணும்னாப் போங்கன்னன். அவரு போனாருங்க, தனியாவே போய் எடுத்துட்டு வந்தாரு. எல்லாம் நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்க. எனக்கு நம்பிக்கை வரல. நமக்குப் புடிக்கற மாதிரி எழுதி வாங்கிட்டு வர்றது ஆம்பளைகளுக்குக் கைவந்த கலைதானுங்களே.

அன்னையிலிருந்து இன்னும் கெடுபிடி பண்ணிட்டன். ரவைக்குச் சோறே இல்ல, வெறும் காயி. முக்கா மணி நேரத்த ஒன்னேகால் மணி நேரம் ஆக்குனன். உப்பு டப்பாவ எடுத்து ஒளிச்சு வெச்சன். அந்த வட்டம் போட்ட சீட்ட நெனச்சா எனக்கு ரவையெல்லாம் தூக்கம் வராது. எந்திரிச்சு எந்திரிச்சு அவரு நெஞ்சு மேல கைய வெச்சுப் பாத்துட்டே உக்காந்திருப்பன். அது பாட்டுக்கு நல்லா அடிச்சுட்டுத்தான் இருக்கும். ஆளு எளைச்சுப் போனாரு. ஊருல என்னையத்தான் கேக்கறாங்க, ‘ஏன் நாச்சக்கா, மாமனுக்குச் சோறு போடறியா இல்லியா’ன்னு. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு சோத்த எச்சாத் தின்னு படுத்துக்கிட்டன்.

ஆடி நோம்பிக்கு மக வந்தா. வளர்மதின்னு, பெருந்துறையில கட்டிக் குடுத்திருக்கறம். நா ஆட்டுக்கல்லுல மாவாட்டிட்டு நடுவுல நடுவுல நின்னு மூச்சு வாங்கறதப் பாத்துட்டு, ‘ஏம்மா, உனக்கு எத்தன நாளா இப்பிடி’ன்னா. அப்பங்காரரு போய் அந்தச் சீட்ட எடுத்து அவகிட்டக் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் மாட்டுக் கொட்டாயில நின்னு குசுகுசுன்னு பேசறாங்க. பொறவு அவ வந்து, ‘அம்மா, இது உன்னுதுதாம்மா’ங்கறா. எனக்குப் பொக்குனு போச்சு. ரெண்டரை வருசம் தூங்காம ஒருத்தரக் காப்பாத்தி நிறுத்துனா, கடைசியில என்னையே நோயாளியாக்கிப் போட்டாங்க. நீ படிச்சவ, உனக்கு எல்லாந் தெரியும், போடின்னுட்டன். சொல்லப்படாது, ஆனா சொல்லிட்டன். அவ அழுதுட்டே பஸ் ஏறுனா.

நேத்து நடந்ததக் கேளுங்க. மத்தியானம் நா பழைய சோத்துக்கு உப்புக்கண்டம் பொரிச்சு வெச்சு உக்காந்தன். அவரு அவருது அவிச்ச பீர்க்கங்காயத் தின்னுட்டிருந்தவரு, வட்டில அக்கட்டால தள்ளிட்டு, என்ற வட்டில்ல கைய உட்டு ரெண்டு துண்ட எடுத்து வாயில போட்டுட்டாரு.

துப்புங்கன்னன். மெல்லறாரு. அய்யோ, துப்பித் தொலைங்களேன்னு வாய்க்குள்ள வெரல உட்டன். கையத் தட்டி உட்டுட்டு இன்னொரு துண்ட எடுக்கறாரு. ‘உனக்கு ஒண்ணும் பண்ணாதுன்னா எனக்கும் பண்ணாது’ங்கறாரு. ‘இனி நீ திங்கறத நானுந் திம்பன். நீ உக்கார்ற பெஞ்சுல நானும் உக்காருவன். நீ வந்து படம் எடுக்கற வரைக்கும் மாத்திரையுந் தொடமாட்டன்’னு சொல்லிட்டு மாத்திரை டப்பாவக் கொண்டு போய்ப் பரண் மேல வெச்சுட்டாரு.

முப்பத்தாறு வருசத்துல அந்த மனுசன் என்னைய ஒரு வார்த்தை அதட்டுனதில்லீங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. காலுல விழுகாத கொறையாக் கெஞ்சுனன். மாத்திரைய மட்டும் போட்டுக்குங்க, நாளைக்கே ஆசுபத்திரி போலாம்னன். அப்பிடித்தான் வந்தம். நேத்து ரவைக்கு என்ற கையால தண்ணி குடுத்துப் போட வெச்சன். அவரு தின்ன அந்த ரெண்டு மூணு துண்டு நெஞ்சுல என்ன பண்ணுதோன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் கூட்டிட்டு வந்தன். எனக்குப் படம் எடுக்கறதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். மஞ்சளுக்குக் களை வெட்டு கெடக்குது, தீவாளி வந்துருது, அதெல்லாம் முடியட்டும்.

என்ன அம்மிணி, நீங்களும் அந்தச் சீட்டு என்னுதுன்னு நெனைக்கறீங்களா?

சரி. என்னுதுன்னே வெச்சுக்கலாம். வெச்சுட்டு என்ன பண்றது, அதச் சொல்லுங்க. நா படுத்துட்டா அவர ஆரு பாப்பாங்க? அவருக்கு எந்த மாத்திரை காலையில, எது ரவைக்குன்னுகூடத் தெரியாது. அடுப்புப் பத்த வெக்கத் தெரியாது. பாலத்துல ஆரு போய் உக்கார்றது? நா நோயாளியாகறதுக்கு எங்கூட்டுல எடமில்லீங்க. அதனாலதான் சொல்றன், அது மாறிப்போன சீட்டாத்தான் இருக்கோணும். மாறிப்போகாட்டி…

இருங்க, அந்த நர்சம்மா ஆரையோ கூப்படறா.

நாச்சம்மாளா? செ. நாச்சம்மாள், அம்பத்தெட்டுன்னா கூப்படறா? பாத்தீங்களா அம்மிணி, இங்கயும் அதே தப்பு. பொண்டாட்டி பேர எழுதி உட்டுட்டாங்க. நா சொன்னப்ப நம்புனீங்களா? ஏனுங், இங்க வாங்க, சீக்கிரம் வாங்க. உங்களக் கூப்படறாங்க, பேர மாத்திக் கூப்படறாங்க, போய்ச் சொல்லுங்க.

என்ன, அப்பிடியே நிக்கறீங்க? கையில என்ன சீட்டு? குடுங்க பாக்கலாம்.

நீங்களே சொல்லிப் போட்டீங்களா? என்ற பேருக்கா? அப்ப உங்களுக்கு? உங்களுக்குச் சீட்டே போடலியா?

கேட்டீங்களா அம்மிணி, இவரு சொல்றத. இவரு பயந்துட்டு இருந்தாராம். தையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் தெனமும் பயந்துட்டுத்தான் கெடக்கறாராம். ரவைக்கு நா கைய வெச்சுப் பாக்கறப்பெல்லாம் அவரு தூங்கலியாம். நா எப்பத் தூங்குவன்னு பாத்துட்டு, பொறவு அவரு எந்திரிச்சு உக்காந்து எனக்கு மூச்சு வருதான்னு பாப்பாராம். நாந்தா தூங்கறதே இல்லீன்னு நெனச்சுட்டிருந்தனே. ஏனுங், இத அன்னிக்கே வாயத் தொறந்து சொன்னா என்னங்க? சொன்னீங்கதான். சரி, சொன்னீங்க.

தோ வர்றம்மா, வர்றன். கத்தாத. வயசான காலு, எந்திரிக்க வேண்டாமா. அம்மிணி, அந்தக் கையக் கொஞ்சங் குடுங்க.

நீங்க எங்க பின்னாலயே வர்றீங்க? உள்ள உட மாட்டாங்க. இங்கயே இந்தச் சேருல உக்காருங்க. பராக்குப் பாக்கப் போயிராதீங்க, போன அணைச்சு வெச்சுராதீங்க. சித்த நேரங்கழிச்சு அந்தக் கதவத் தொறந்து, நாச்சம்மா கூட வந்தது ஆருன்னு கேப்பாங்க. ஒருக்காத்தான் கேப்பாங்க. அப்ப டக்குன்னு எந்திரிச்சு, நாந்தானுங்கன்னு சொல்லோணும். தெரியுமுங்களா?